மலைப் பள்ளத்தாக்கை ஒரு நாளில் சுற்றி வருவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் முதன்முறை நடப்பவர்களுக்கு

தருமபுரிச் சீமையில் வளர்ந்தவர்களில் மலை ஏறாதவர் குறைவு. மாசி மகத்துக்குத் தீர்த்தமலைக்குப் போய், பாறையிலிருந்து விழும் இராமர் தீர்த்தத்தில் தலையை நனைத்துவிட்டு மத்தியானத்துக்குள் அடிவாரத்துக்கு வந்திருப்போம். இல்லையென்றால் பள்ளிப் பருவத்தில் இராயக்கோட்டை மலைக்கோட்டையின் உச்சிவரை ஏறி, வெயிலில் வாடி இறங்கியிருப்போம். இவையெல்லாம் ஏறிய வழியிலேயே இறங்கும் நடைகள். மூச்சு வாங்கினாலும், மழை பிடித்தாலும், கூட வந்த பிள்ளை அழுதாலும் நின்ற இடத்திலிருந்தே திரும்பிவிடலாம். ஒரு பள்ளத்தாக்கை ஒரு பக்கமாக ஏறி, அதன் மேல்முனையான தலைமாட்டைச் சுற்றிக் கடந்து, மறுபக்கமாக இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் சுற்றுப்பாதையில் இந்த வசதி பாதி வழிவரைதான் உண்டு. அதற்குப் பிறகு திரும்புவதும் தொடர்வதும் ஏறக்குறைய ஒரே தொலைவு என்பதால், களைத்துப்போன ஒருவர் எடுக்க வேண்டிய முடிவை வீட்டில் தெளிவாக இருக்கும்போதே எடுத்து வைத்துவிட வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் முறை முழுவதும் அந்த ஒரு முடிவைச் சுற்றியே அமைந்தது.

நடுத்தர நடை என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளலாம். மொத்தம் 8 முதல் 14 கிலோமீட்டர், அதற்குள் 300 முதல் 600 மீட்டர் ஏற்றம், எந்த இடத்திலும் கயிறோ கையூன்றிப் பாறை பிடிப்பதோ தேவைப்படாத பாதை என்பது என் கணக்கு. 450 மீட்டர் ஏற்றம் என்றால் அரையடி உயரமுள்ள படிகள் 3,000 என்று மனத்தில் வைத்துக்கொண்டால் அளவு புரிந்துவிடும். நடைக்கு முந்தைய ஒரு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் மாடிப்படி ஏறி இறங்குங்கள். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று கொண்டால் 20 மாடி ஏற்றம் 60 மீட்டர்தான். அதுவே கால் வலிக்கச் செய்கிறது என்றால், முதல் நடைக்கு 300 மீட்டர் ஏற்றம் போதும் என்று முடிவு செய்துகொள்ளலாம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இடமும் அனுமதியும்

இரண்டு மாவட்டங்களிலும் மலைக்காட்டின் பெரும்பகுதி காப்புக்காடு அல்லது சரணாலயம். 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஏறத்தாழ 504 சதுர கிலோமீட்டர். 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கம் நீங்கள் வரைபடத்தில் கண்டு ஆசைப்படும் பள்ளத்தாக்குகளில் பல இவற்றுக்குள்ளோ இவற்றின் ஓரத்திலோ வருகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். மாடு மேய்ப்பவர்கள் போகிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அந்த மண்ணில் குடியிருப்பவர்கள். நாம் அப்படி இல்லை.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டு, இணையத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியுடன் போகும்படி திறக்கப்பட்டன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அய்யூர் – சாமி ஏரி, குத்திராயன் உச்சி ஆகியவையும், தருமபுரி மாவட்டத்தில் வத்தல்மலையும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை. புதியவர்களுக்கு என் பரிந்துரை இந்தப் பாதைகளில் ஒன்றில் தொடங்குவதுதான். வழிகாட்டி பெரும்பாலும் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவராக இருப்பார். அவரோடு ஒருமுறை நடந்தால் காட்டைப் பார்க்கும் கண் மாறிவிடும்.

பட்டியலில் இல்லாத ஒரு பள்ளத்தாக்கைச் சுற்ற விரும்பினால், அந்த வனச்சரக அலுவலகத்துக்கு நேரில் போய், நாள், ஆள் எண்ணிக்கை, பாதை ஆகியவற்றைக் கையால் வரைந்த படத்துடன் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். மறுத்துவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டும். வத்தல்மலை போலக் காப்பித் தோட்டங்களும் ஊர்களும் கலந்த மலையில், ஊருக்கு ஊர் மக்கள் புழங்கும் பாதைகளை இணைத்தே ஒரு நல்ல சுற்று அமையக்கூடும். அங்கேயும் எது ஊர்ப் பாதை, எது காப்புக்காட்டுக்குள் போகிறது என்பதை முன்கூட்டியே கேட்டறிவதே முறை. வழி தனியார் தோட்டத்தின் ஊடே போனால் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது மரியாதை.

பருவத்தைப் பொறுத்தவரை நவம்பர் இறுதி முதல் ஜனவரி வரை நடப்பதற்குச் சுகமான காலம். பிப்ரவரி பாதிக்குமேல் இலையுதிர் காடு காய்ந்து தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடுவதால், வனத்துறையே பாதைகளை மூடிவிடும். செப்டம்பர், அக்டோபரில் காலை தெளிவாக இருந்தாலும் பிற்பகலில் இடியுடன் கொட்டும். இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. நடக்க ஏற்ற அதே குளிர்மாதங்களில்தான், கேழ்வரகு அறுவடையை ஒட்டி, கர்நாடகத்தின் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் சவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வருகின்றன. ஆகையால் அந்தப் பக்கம் போவதாக இருந்தால், முந்தைய நாள் மாலை வனச்சரக அலுவலகத்தில் கூட்டம் எங்கே நிற்கிறது என்று கேட்காமல் புறப்படக் கூடாது.

தாளில் நடந்து பார்த்தல்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும். சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. நீங்கள் ஏறும் பக்கத்தில் பாதை எத்தனை கோடுகளை வெட்டுகிறது என்று எண்ணி 20-ஆல் பெருக்கினால் ஏற்றம் கிடைத்துவிடும். கோடுகள் நெருங்கி ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் செங்குத்து. இடைவெளி விட்டு இருந்தால் சமவெளி. பள்ளத்தாக்கில் கோடுகள் மலையின் உச்சியை நோக்கிக் கூராக வளையும். முகட்டில் அடிவாரத்தை நோக்கி வளையும். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் வரைபடம் பேசத் தொடங்கும். பிறகு ஒரு நூலைப் பாதையின் மேல் வளைத்து வளைத்து வைத்து அளந்து, வரும் தூரத்தோடு நான்கில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் தாளில் நேராகத் தெரியும் கோடு தரையில் பாறைக்குப் பாறை சுற்றித்தான் போகும்.

கைப்பேசிச் செயலிகளும் இந்த வேலையைச் செய்யும். இணையம் இல்லாமலே இயங்கும்படி வரைபடத்தை முதல் நாளே இறக்கி வைத்துக்கொண்டு, நடக்கும்போது கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்தால் மின்கலம் நாள் முழுக்கத் தாங்கும். இருந்தாலும் ஒரு தாள் படி சட்டைப்பையில் இருக்கட்டும். ஊர்ப் பெயர்களையும் படத்தில் குறித்துக்கொள்வது நல்லது. நம் பக்கம் ஒரே ஊருக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு கொட்டாயும் ஒரு புதூரும் இருக்கும். ‘அள்ளி’ என்று முடியும் ஊர்ப் பெயர்களும் நிறைய. வழி கேட்கும்போது ‘எந்த அள்ளிங்க?’ என்று அவர் நம்மையே திருப்பிக் கேட்டால் பதில் வேண்டும்.

இனி நேரம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி, மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது. பழகிய கால்களுக்கும் குளிர்ந்த நாட்டுக்கும் எழுதப்பட்ட கணக்கு அது. நம் வெயிலுக்கும், உன்னிச்செடி மண்டிய பாதைக்கும், புதியவர்களின் நடைக்கும் மணிக்கு 3 கிலோமீட்டர், ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே பொருந்துகிறது.

எடுத்துக்காட்டாக, மொத்தம் 12 கிலோமீட்டர், ஏற்றம் 450 மீட்டர் உள்ள ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். அடிவாரத்திலிருந்து பள்ளத்தாக்கின் தலைமாடுவரை 5 கிலோமீட்டர். ஏற்றம் முழுவதும் அதற்குள் முடிந்துவிடுகிறது என்று கொள்வோம். தூரத்துக்கு 1 மணி 40 நிமிடம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி, மூச்சு வாங்க 20 நிமிடம், ஆக மூன்றரை மணி நேரம். மீதி 7 கிலோமீட்டர் இறக்கத்துக்கு 2 மணி 20 நிமிடமும் சாப்பாட்டுக்கு 40 நிமிடமும் சேர்த்து மூன்று மணி நேரம். காலை 6.30-க்குக் கால் எடுத்து வைத்தால் 10 மணிக்குத் தலைமாடு, பகல் 1 மணிக்கு அடிவாரம். டிசம்பரில் நம் பக்கம் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும் என்பதால் இன்னும் ஐந்து மணி நேர வெளிச்சம் கையிருப்பில் இருக்கிறது. அந்தக் கையிருப்பு வழி தவறுவதற்கும் கால் சுளுக்குவதற்கும் உரியது. காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குவதற்கு உரியதன்று.

எந்தக் கையாகச் சுற்றுவது

கோயில் பழக்கத்தில் நமக்கு எதையும் வலமாகச் சுற்றவே தோன்றும். மலையில் அந்த விதி இல்லை. இடமா வலமா என்பதை நான்கு காரணங்கள் தீர்மானிக்கின்றன. அவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது என்பதுதான் இதில் சுவையான பகுதி.

முதல் காரணம் சரிவு. செங்குத்தான பக்கத்தை ஏறுவது நுரையீரலுக்குப் பாரம், இறங்குவது முழங்காலுக்குப் பாரம். களைத்த காலோடு சரளைக்கல் சரிவில் இறங்கும்போதுதான் பெரும்பாலும் வழுக்கி விழுகிறோம். ஆகவே செங்குத்தான பக்கம் காலையில் ஏறுவதற்கு, சாய்வான பக்கம் பிற்பகலில் இறங்குவதற்கு. இரண்டாவது வெயில். மொட்டைப் பாறையாக இருக்கும் முகட்டைப் பத்து மணிக்குள் கடந்துவிட்டு, மரநிழல் உள்ள ஓடைப் பக்கத்தை உச்சி வெயிலுக்கு வைத்துக்கொள்வது சுகம். மூன்றாவது நீர். மழை மாதங்களில் காலையில் கணுக்கால் நனையும் ஓடை, மேலே எங்கோ பெய்த மழையால் மாலையில் இடுப்பளவு ஓடலாம். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் இது நடக்கும். அப்போது ஓடையைக் காலையிலேயே கடந்துவிடுவதுதான் பாதுகாப்பு. நான்காவது விலங்குகள். நீரும் மூங்கிலும் உள்ள பள்ளத்து அடி, விடியலிலும் அந்தியிலும் யானைக்கும் கரடிக்கும் உரியது. நன்றாக வெயில் ஏறிய பின் அங்கே நடப்பதே நல்லது.

இரண்டாவது காரணம் ஓடையைப் பின்னுக்குத் தள்ளு என்கிறது, மூன்றாவது முன்னுக்குக் கொண்டு வா என்கிறது, நான்காவது முன்னும் வேண்டாம் பின்னும் வேண்டாம் என்கிறது. நான் இவற்றைப் பருவத்தை வைத்துத் தீர்த்துக்கொள்கிறேன். மழை மாதமானால் நீர்தான் முதல். ஓடையைக் கடக்கும் இடம் பாதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வருகிற திசையைத் தேர்ந்து, புறப்பாட்டை ஏழரைக்குத் தள்ளிவிடுவேன். தாமதமாகப் புறப்படும் அளவுக்குப் பாதையின் நீளத்தையும் குறைத்துவிடுவேன். மார்கழி, தையில் ஓடை அபாயம் அநேகமாக இல்லாததால் முகடு முன், பள்ளம் பின். எந்தப் பருவமானாலும் மாலை நான்கு மணிக்குமேல் பள்ளத்து அடியில் இருக்கும்படி அமைகிற திசை தவறான திசை.

இடையில் ஊருக்கு இறங்கும் கிளைப்பாதைகள் எங்கே பிரிகின்றன என்பதையும் படத்தில் சிவப்பு மையால் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றுப்பாதையின் ஒரு பாதியில் இரண்டு ஊர்கள் தென்பட்டு, மறுபாதி வெறும் காடாக இருந்தால், காட்டுப் பகுதியை முதலில் முடித்துவிட்டு, களைப்பு ஏறும் நேரத்தில் ஊர்கள் அருகில் இருக்கும்படி சுற்றுவது என் வழக்கம்.

திரும்பும் மணி

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 10 மணிக்குத் தலைமாட்டை அடைய வேண்டும். 11.15 ஆகியும் அடையவில்லை என்றால் சுற்றை விட்டுவிட்டு வந்த வழியே இறங்க வேண்டும் என்று படத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஏன் 11.15? மூன்றரை மணி நேர வேலைக்கு நாலேமுக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்ட குழு, மூன்று மணி நேர வேலைக்கு நான்கு மணி நேரத்துக்குமேல் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் அடிவாரம் வர மூன்றேகால் ஆகும். அதற்குமேல் ஒரு சுளுக்கோ ஒரு தவறிய திருப்பமோ சேர்ந்தால் இருட்டிவிடும். வந்த வழியில் இறங்கினால் தெரிந்த பாதை, 5 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த மணியை மலைமேல் பேரம் பேசக் கூடாது. ஒருமுறை நாங்கள் ஐந்து பேர், எழுதி வைத்த நேரத்தைவிட நாற்பது நிமிடம் பிந்தித் தலைமாட்டை அடைந்தோம். ‘இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தானே’ என்று ஒருவர் சொன்னார். அந்த ஒருவர் நான்தான். மறுபக்கம் இறங்கும்போது மாட்டுத் தடத்தைப் பாதை என்று நம்பி ஒரு புதருக்குள் போய் முட்டிக்கொண்டோம். மீண்டும் மேலேறிப் பாதையைக் கண்டுபிடித்து, கடைசி ஒரு மணி நேரத்தைக் கைப்பேசி வெளிச்சத்தில், யாரும் யாரோடும் பேசாமல் நடந்து முடித்தோம். மாட்டுத் தடத்துக்கு ஓர் அடையாளம் உண்டு: தரையில் தெளிவாகத் தெரியும், ஆனால் இடுப்புக்குமேல் கிளைகள் வெட்டப்படாமல் முகத்தில் அறையும். மனிதர் நடக்கும் பாதையில் தலை உயரம்வரை வழி திறந்திருக்கும். அதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

குழுவில் மிக மெதுவாக நடப்பவர் முன்னால் இரண்டாவதாகவும், பாதை தெரிந்த இன்னொருவர் கடைசியாகவும் நடக்க வேண்டும். திரும்பும் மணியை அறிவிக்கும் பொறுப்பை ஒருவருக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அவர் சொன்னால் மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பையில் என்னென்ன

இதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வாங்கும் பொருள்களால் நடை நன்றாக அமைந்துவிடுவதில்லை. நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டர் என்று கணக்கிட்டால், மேலே சொன்ன ஆறரை மணி நேரச் சுற்றுக்கு ஆளுக்கு மூன்றேகால், முழுமையாக்கினால் மூன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். சுனை இருக்கிறது என்று கேள்விப்பட்டதை நம்பிக் குறைத்து எடுக்கக் கூடாது. வழியில் எடுக்கும் நீரைக் கொதிக்க வைக்க அடுப்பு மூட்டுவதும் காட்டில் கூடாது. உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டிலில் இருக்கட்டும். காலையில் களி சாப்பிட்டுப் புறப்படுபவருக்குப் பதினொரு மணிவரை பசி தெரியாது. பகலுக்குப் புளிச்சோறு கெடாது. தயிர்ச்சோறு பை வெப்பத்தில் புளித்துவிடும். இடையில் கொறிக்கக் கடலை மிட்டாயும் பேரீச்சையும் போதும்.

ஏற்கெனவே இருபது கிலோமீட்டராவது நடந்து பழகிய, அடிப்பாகம் பிடிப்புள்ள காலணி. புதுக் காலணி வேண்டவே வேண்டாம். கால்விரல் நகங்களை முந்தைய நாள் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் இறக்கத்தில் நகம் காலணியில் இடித்து நீலம் பாரித்துவிடும். கை மறைக்கும் சட்டை, முழுக் காற்சட்டை, தொப்பி, மழை மறைப்பு, ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை. 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.65 பாகை குளிர் கூடும். வியர்வையில் நனைந்த உடம்போடு முகட்டுக் காற்றில் நின்றால் தைமாதக் காலையில் நடுக்கம் எடுக்கும். தலையில் கட்டும் விளக்கு, விசில், கட்டுத்துணி, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வழக்கமாக உண்ணும் மாத்திரைகள். பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் பைக்குள் ஏறக் கூடாது.

காட்டுக்குள்

பாட்டு போட்டுக்கொண்டு நடப்பவர் காட்டின் பேச்சைக் கேட்க மாட்டார். மூங்கில் முறியும் ஓசை, ஈரம் காயாத யானை லத்தி, புதிதாக உரிக்கப்பட்ட மரப்பட்டை இவற்றில் எதைக் கண்டாலும் நின்று, சத்தமில்லாமல், வந்த வழியே பின்வாங்குங்கள். காற்று உங்களிடமிருந்து யானை நிற்கும் பக்கம் வீசினால் உங்கள் வாடை அதற்கு முன்பே தெரிந்துவிட்டது என்று பொருள். படம் எடுக்க நிற்பது பைத்தியக்காரத்தனம். கரடி விஷயத்தில் இதற்கு நேர்மாறு: வளைவுகளிலும் புதர் மண்டிய இடங்களிலும் பேசிக்கொண்டு நடந்தால் அதுவே விலகிவிடும், திடீரென்று எதிரில் போய் நின்றால்தான் பாயும்.

பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது மூன்றும் கெடுதல். கடிபட்ட காலைக் குச்சி வைத்து அசையாமல் கட்டி, கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கி, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகக் கொண்டு போக வேண்டும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. பல பள்ளத்து அடிகளில் கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாது. ஏறும்போதே எந்த முகட்டில் அலை கிடைக்கிறது என்று பார்த்துப் படத்தில் குறித்துக்கொண்டு போனால், ஓடி அழைக்க வேண்டியவருக்கு எங்கே ஓடுவது என்று தெரியும்.

புறப்படுமுன் வீட்டில் ஒருவரிடம் பாதையின் படி ஒன்றைக் கொடுத்து, எத்தனை மணிக்குள் அழைப்பேன், அழைக்காவிட்டால் எந்த வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். இறங்கியவுடன் தேநீருக்கு முன் செய்ய வேண்டியது அந்த அழைப்பு.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பை வெந்நீரில் போட்டு, சோப்புத் தேய்த்துக் குளித்து, அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, காதுமடலின் பின்புறம் ஆகிய இடங்களில் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புல்லிலும் புதரிலும் ஒட்டும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சியின் கடியால் வருவதுதான் உண்ணிக் காய்ச்சல். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. காய்ச்சல் தொடங்க ஒன்று முதல் மூன்று வாரம்வரை ஆகலாம் என்பதால், அதற்குள் மலைக்குப் போனதே மறந்துபோயிருக்கும். அந்த மூன்று வாரத்துக்குள் தலைவலியுடன் காய்ச்சல் கண்டால், மருத்துவரிடம் போய் முதல் வாக்கியமாகக் காட்டில் நடந்துவிட்டு வந்ததைச் சொல்லுங்கள்.